கெய்ரோவிலிருந்து கேப் டவுன் வரை: சிமுலேட்டரில் குழுவாகப் பறக்க ஏற்பாடு செய்வது எப்படி?

கெய்ரோவுக்கும் கேப் டவுனுக்கும் இடையே நேர்வழியில் சுமார் 3,900 கடல் மைல் தூரம் இருக்கிறது. ஃப்ளைட் சிமுலேட்டரில் (கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் மென்பொருளில்) ஒரு பெரிய ஜெட் விமானத்தை எடுத்து, ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனால், காலையில் கேப் டவுன் வந்திருக்கும். அதற்குக் குழு தேவையில்லை, இந்தக் கட்டுரையும் தேவையில்லை. ஏழெட்டுப் பேர் சேர்ந்து, சிறிய விமானங்களில், நைல் நதியையும் எத்தியோப்பிய மலைகளையும் கிளிமஞ்சாரோவையும் கண்ணால் பார்த்தபடி, வாரம் ஒரு மாலையாகத் தெற்கே இறங்கிச் செல்ல விரும்புகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் முதன்முதலில் இப்படி ஒரு பயணத்தை ஏற்பாடு செய்தபோது பதினொரு பேர் கெய்ரோவில் கூடினோம். நைரோபியில் தரையிறங்கியபோது மூன்று பேர்தான் எஞ்சியிருந்தோம். யாருக்கும் பறக்கத் தெரியாமல் போகவில்லை. ஆளுக்கொரு விமானத்தைத் தேர்ந்தெடுக்க விட்டதும், ஒரே மாலையில் ஐந்து மணி நேரம் பறக்கத் திட்டமிட்டதும், ஒரு வாரம் வர முடியாதவர் மறுவாரம் எப்படிச் சேர்ந்துகொள்வது என்று யோசிக்காமல் விட்டதும்தான் எங்களைக் கலைத்தன. ஆகவே பாதை, விமானம், நேரம் என எதை முடிவு செய்யும்போதும் குழுவிலேயே மெதுவாகப் பறக்கிறவரையும், இணைய இணைப்பு அடிக்கடி அறுபடுகிறவரையும் மனத்தில் வைத்தே முடிவு செய்யுங்கள்.

விமானத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

பெரும்பாலானோர் வரைபடத்தை விரித்துப் பாதை போடுவதில் தொடங்குகிறார்கள். ஒரு கட்டத்தின் (ஒரே மூச்சில் பறக்கும் பகுதியின்) நீளத்தையும், பறக்கும் உயரத்தையும், இறங்கக்கூடிய ஓடுபாதையையும் விமானமே தீர்மானிப்பதால், அதுதான் முதலில் முடிவாக வேண்டும். எல்லோரும் ஒரே வகை விமானத்தில் பறப்பது நல்லது. அது முடியாதபோது, ஒரே வேகத்தில் பறக்கும் விமானங்களாகவாவது இருக்க வேண்டும். 120 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் போகும் செஸ்னா 172 விமானமும் 160 நாட் வேகத்தில் போகும் விமானமும் ஒன்றாகப் புறப்பட்டால், இரண்டு மணி நேரத்தில் அவற்றுக்கிடையே 80 கடல் மைல் இடைவெளி விழுந்துவிடும். அதன்பின் அது குழுப் பயணமாக இருக்காது, ஒரே திசையில் தனித்தனியாகப் போகிறவர்களின் வரிசையாகத்தான் இருக்கும்.

இந்தப் பாதைக்கு என் தேர்வு செஸ்னா 208 கேரவன். ஒற்றை டர்போபிராப் (ஜெட் எரிபொருளில் ஓடி முன்சுழலியைச் சுழற்றும்) என்ஜின் கொண்ட இந்த விமானம் 10,000 அடி உயரத்தில் சுமார் 160 நாட் வேகத்தில் சலிக்காமல் போகும்; தொட்டி நிறைந்திருந்தால் ஐந்து மணி நேரம் வரை தாங்கும்; கரடுமுரடான குறுகிய ஓடுபாதைகளிலும் இறங்கும். நடைமுறைக்கும் இது பொருந்துகிறது. பிஸ்டன் என்ஜின்களுக்கான விமானப் பெட்ரோல் ஆப்பிரிக்காவின் பல விமான நிலையங்களில் கிடைப்பதில்லை என்பதாலும், ஜெட் எரிபொருள் ஏறக்குறைய எங்கும் கிடைக்கும் என்பதாலும், உண்மையிலேயே அந்தக் கண்டத்தின் சிறு விமானச் சேவைகள் கேரவனைப் பெரிதும் நம்பியிருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் 2020 பதிப்பில் அடிப்படைத் தொகுப்பிலேயே இந்த விமானம் இருப்பதால் யாரும் தனியாகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டரை வைத்திருப்பவர்கள் அதனுடன் வரும் கிங் ஏர் விமானத்தை வேகம் குறைத்து ஓட்டிக்கொள்ளலாம்.

குழுவில் எல்லோரிடமும் ஒரே சிமுலேட்டர் இருந்தால் அதிலேயே உள்ள பலர் பறக்கும் வசதி போதும். வெவ்வேறு சிமுலேட்டர்கள் இருந்தால் ஜாயின்எஃப்எஸ் என்ற இலவச மென்பொருள் அவற்றை இணைத்து, ஒருவர் விமானத்தை மற்றவர் திரையில் காட்டும். தன்னார்வலர்கள் விமானக் கட்டுப்பாட்டாளர்களாக இருந்து வழிகாட்டும் வாட்சிம் போன்ற இணைய வலையமைப்புகளில் பறப்பது தனி இன்பம்தான் என்றாலும், முதல் பயணத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே புதியவர்கள் முதலில் ஓர் அறிமுகப் பாடத்தையும் தேர்வையும் முடிக்க வேண்டும்; கட்டுப்பாட்டாளர் இல்லாத இடங்களில் 122.800 அலைவரிசையில் அறிவிப்புச் செய்துகொண்டே போக வேண்டும். குழுவைக் கட்டி மேய்ப்பதே முதல்முறை போதுமான வேலையாக இருக்கும்.

பாதையைக் கட்டங்களாகப் பிரித்தல்

ஒரு மாலைக்கு மூன்று மணி நேரம் என்று உச்சவரம்பு வைத்துக்கொள்ளுங்கள். அதில் முன்பேச்சுக்கும் (புறப்படும் முன் திட்டத்தை விளக்கும் பேச்சுக்கும்) புறப்பாட்டுக்கும் தரையிறங்கி நிறுத்துவதற்கும் அரை மணி நேரமாவது போய்விடும். ஆகவே 160 நாட் வேகத்தில் 400 கடல் மைல் என்பதே ஒரு மாலையில் பறக்கக்கூடிய தூரம். இந்தக் கணக்கில் நான் இப்போது பயன்படுத்தும் பாதையைத் தருகிறேன். தூரங்கள் அனைத்தும் நேர்வழியில் தோராயமானவை.

கெய்ரோவிலிருந்து லக்சர் 275 கடல் மைல், அங்கிருந்து அபு சிம்பெல் 205, அங்கிருந்து சூடானின் கார்த்தூம் 410. பிறகு பாதை கிழக்கே திரும்பி எத்தியோப்பியாவுக்குள் ஏறுகிறது: தானா ஏரிக்கரையில் உள்ள பஹிர் தார் 365, தலைநகர் அடிஸ் அபாபா 180. அங்கிருந்து கென்யாவின் வடக்கே உள்ள லோட்வார் 400, நைரோபியின் வில்சன் விமான நிலையம் 280, தான்சானியாவின் கிளிமஞ்சாரோ விமான நிலையம் 125, அதே நாட்டின் தென்மேற்கில் உள்ள எம்பெயா 400. மலாவியின் லிலாங்வே 295, சாம்பியாவின் லுசாகா 325, லிவிங்ஸ்டன் 210, போட்ஸ்வானாவின் மௌன் 185, நமீபியாவின் விண்ட்ஹூக் 365, தென்னாப்பிரிக்காவின் அப்பிங்டன் 410, இறுதியாகக் கேப் டவுன் 360. மொத்தம் பதினாறு கட்டங்கள், சுமார் 4,800 கடல் மைல், ஏறக்குறைய முப்பது மணி நேரப் பறத்தல்.

முதல் மாலையில் கெய்ரோ–லக்சர் மட்டும் போதும். அன்று ஒலிவாங்கி வேலை செய்யாது, ஒருவர் விமானம் இன்னொருவருக்குத் தெரியாது, யாராவது ஒருவர் வேறு ஓடுபாதையின் முனையில் நின்றுகொண்டிருப்பார். அவற்றைச் சரிசெய்யவே முக்கால் மணி நேரம் போகும். வில்சன், கிளிமஞ்சாரோ ஆகிய இரு கட்டங்களை ஒரே மாலையிலும், லிவிங்ஸ்டன், மௌன் ஆகிய இரண்டை இன்னொரு மாலையிலும் சேர்த்துக்கொள்ளலாம். மற்றவை தனித்தனி மாலைகள் என்று வைத்தால் பதினான்கு வாரங்களில் பயணம் முடியும்.

திட்டத்தை லிட்டில் நாவ்மேப் என்ற இலவச மென்பொருளில் வரைந்து, ஒவ்வொரு கட்டத்தையும் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். ஒரே திட்டத்தை மைக்ரோசாஃப்ட், எக்ஸ்-பிளேன், ஃப்ளைட்கியர் என எல்லாச் சிமுலேட்டர்களுக்கும் ஏற்ற வடிவத்தில் அது எழுதித் தரும். ஊர்ப் பெயரோடு நான்கெழுத்து விமான நிலையக் குறியீட்டையும் குழுவில் எல்லோரும் பார்க்கும் அட்டவணையில் குறிப்பது அவசியம். எகிப்திய நிலையங்கள் எச்.இ. என்றும், எத்தியோப்பிய நிலையங்கள் எச்.ஏ. என்றும், கென்ய நிலையங்கள் எச்.கே. என்றும் தொடங்கும், தெற்கே மலாவி முதல் கேப் டவுன் வரை முதலெழுத்து எஃப் ஆகிவிடும். சில நிலையங்களின் குறியீடுகள் காலப்போக்கில் மாறியிருக்கின்றன. லிவிங்ஸ்டன் பழைய சிமுலேட்டர்களில் எஃப்.எல்.எல்.ஐ. என்றும் புதியவற்றில் எஃப்.எல்.எச்.என். என்றும் இருப்பதால், கலப்புக் குழுவில் ஒருவர் "அப்படி ஒரு விமான நிலையமே இல்லை" என்று சொன்னால் பதற வேண்டாம்.

கார்த்தூம் பற்றி ஒரு சொல். 2023 ஏப்ரலில் தொடங்கிய போரில் அந்த விமான நிலையம் சண்டைக்களமாகவே ஆனது. சிமுலேட்டருக்கு அது தெரியாது. அங்கே எல்லாம் அமைதியாக நிற்கும். அந்த ஊரில் வாழ்ந்தவர்களோ உறவினர்களை இழந்தவர்களோ உங்கள் குழுவில் இருக்கக்கூடும் என்பதை எண்ணி, அங்கே இறங்கும்போது விளையாட்டுப் பேச்சைக் குறைத்துக்கொள்வது நல்லது.

எந்த மாதத்தில் தொடங்குவது

நேரலை வானிலையை (அந்த இடத்தில் அப்போது உண்மையிலேயே நிலவும் வானிலையை) சிமுலேட்டரில் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் தொடங்கும் மாதம் முக்கியம். வெப்பமண்டல மழைப் பட்டை சூரியனைப் பின்தொடர்ந்து வடக்கும் தெற்குமாக நகர்கிறது: ஜூலை, ஆகஸ்டில் சூடான், எத்தியோப்பியப் பகுதிகளிலும், ஜனவரியில் சாம்பியா, மலாவிப் பகுதிகளிலும் அது நிற்கும். எத்தியோப்பிய மலைநாட்டில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெருமழைக்காலம். கென்யாவில் மார்ச் முதல் மே வரை நீண்ட மழை. தெற்கே நவம்பர் முதல் மார்ச் வரை மழை. இவை அனைத்தையும் முழுமையாகத் தவிர்க்கும் பாதை கிடையாது. ஆனால் பிப்ரவரித் தொடக்கத்தில் கெய்ரோவை விட்டுக் கிளம்பினால், மார்ச் தொடக்கத்தில் அடிஸ் அபாபாவையும், மழை வலுப்பதற்கு முன் கென்யாவையும் கடந்து, தெற்கே மழை ஓய்ந்த ஏப்ரல் நடுவில் லிவிங்ஸ்டனை அடையலாம். சாம்பெசி ஆற்றில் வெள்ளம் உச்சத்தில் இருக்கும் பருவமும் அதுவே.

தொடங்கும் நேரத்தை எப்போதும் உலகப் பொது நேரத்தில் (யுடிசி) மட்டும் அறிவியுங்கள். உறுப்பினர்கள் வெவ்வேறு நாடுகளில் இருப்பார்கள். பாதையிலுள்ள நாடுகளும் வெவ்வேறு நேர வலயங்களில் இருக்கின்றன. எகிப்து 2023 முதல் மீண்டும் கோடை நேரத்தைக் கடைப்பிடிக்கிறது. எத்தியோப்பிய மக்களோ விடியலிலிருந்து மணியை எண்ணத் தொடங்குவதால், நமக்குக் காலை ஏழு மணி என்பது அவர்களுக்கு ஒரு மணி. குழு அட்டவணையில் உள்ளூர் நேரம் நுழைந்துவிட்டால் பாதிப் பேர் ஒரு மணி நேரம் தாமதமாக வருவார்கள் என்பது என் அனுபவம்.

சிமுலேட்டருக்குள் இருக்கும் நேரம் இதிலிருந்து வேறு. பெரும்பாலான குழுக்கள் உலகப் பொது நேரம் 17 அல்லது 18 மணிக்குக் கூடும். அப்போது கிழக்கு ஆப்பிரிக்காவில் இரவு எட்டு, ஒன்பது மணி ஆகியிருக்கும். நேரலை நேரத்தையே வைத்தால் ஆப்பிரிக்கா முழுவதையும் இருட்டில் கடந்துவிட்டு வர வேண்டியதுதான். ஆகவே வானிலையை நேரலையில் விட்டுவிட்டு, கடிகாரத்தை மட்டும் உள்ளூர்க் காலை ஏழு மணிக்கு எல்லோரும் மாற்றிக்கொள்ளுங்கள். பிற்பகலில் புறப்படுவதாக வைத்தால் ஓர் எச்சரிக்கை: நிலநடுக்கோட்டுக்கு அருகே சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி நீடிக்காது. மறைந்த இருபது, இருபத்தைந்து நிமிடங்களில் முழு இருள் சூழ்ந்துவிடும்.

பொறுப்புகளும் பேச்சு முறையும்

எட்டுப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஒருவர் முன்னால் பறந்து வேகத்தையும் திசையையும் தீர்மானிக்க வேண்டும். நன்றாகப் பறக்கத் தெரிந்த, பொறுமையுள்ள இன்னொருவர் கடைசியில் பறக்க வேண்டும். பின்தங்குகிறவர்களுக்கும் இணைப்பு அறுந்து திரும்புகிறவர்களுக்கும் அவரே துணை. ஏற்பாட்டாளர் முன்னால் பறக்க ஆசைப்படுவது இயல்பு, ஆனால் அவர் இருக்க வேண்டிய இடம் கடைசிதான். நடப்பது எல்லாம் அங்கிருந்துதான் தெரியும்.

முன்னால் போகிறவர் விமானத்தின் முழு வேகத்தில் பறக்கக் கூடாது. பின்னால் வருகிறவர்கள் எட்டிப் பிடிக்க 10 நாட்டாவது மிச்சம் வைக்க வேண்டும். உயரங்களையும் பிரித்துக் கொடுங்கள். பார்வை விதிப்படி (மேகத்துக்கு வெளியே கண்ணால் பார்த்து) பறக்கும்போது, காந்தத் திசை, அதாவது திசைகாட்டி காட்டும் திசை, 0 முதல் 179 வரை இருந்தால் ஒற்றைப்படை ஆயிரத்தோடு 500 அடி, 180 முதல் 359 வரை இருந்தால் இரட்டைப்படை ஆயிரத்தோடு 500 அடி என்பது பொது விதி. வடக்கிலிருந்து தெற்கே போகும் இந்தப் பாதையில் அது ஒரு வேடிக்கையான சிக்கலை உண்டாக்குகிறது: கெய்ரோ–லக்சர் திசை 180க்குச் சற்றுக் கீழே, லக்சர்–அபு சிம்பெல் சற்று மேலே, அபு சிம்பெல்–கார்த்தூம் மறுபடியும் கீழே. முதல் நாள் 9,500 அடியில் பறந்தவர் இரண்டாம் நாள் 8,500 அடிக்கு மாற வேண்டும். இதை முன்பேச்சில் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

குரல் உரையாடலுக்கு டிஸ்கார்ட் செயலி போதும். பேசுவதில் ஓர் ஒழுங்கு வேண்டும், இல்லாவிட்டால் யாரோ தன் வீட்டுப் பூனையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் மலையில் மோதுவார். ஆப்பிரிக்க வான்வெளியின் பெரும்பகுதியில் தரைக் கட்டுப்பாட்டின் தொடர்பு நம்பகமாகக் கிடைக்காததால், அங்கே பறக்கும் உண்மை விமானிகள் 126.9 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தங்கள் இருப்பிடத்தை எல்லோருக்கும் பொதுவாக அறிவித்துக்கொண்டே செல்லும் முறை நடைமுறையில் இருக்கிறது. அதையே நாமும் எடுத்துக்கொள்ளலாம். இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை, வரிசைப்படி, ஒவ்வொருவரும் தம் அழைப்புப் பெயர், இருக்கும் இடம், உயரம், அடுத்த வழிப்புள்ளி (பாதையில் குறித்துவைத்த இடம்), அங்கே சேரும் நேரம் ஆகியவற்றை மட்டும் சொல்ல வேண்டும். ஒருவர் முறை வந்தும் குரல் வராவிட்டால் அவர் துண்டிக்கப்பட்டிருக்கிறார் என்று உடனே தெரிந்துவிடும்.

ஒத்திகை

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு லக்சரிலிருந்து அஸ்வானுக்கு ஒரு சோதனைப் பறத்தல் வைத்துக்கொள்ளுங்கள். 100 கடல் மைல்தான். நைல் நதியைப் பார்த்தபடி நாற்பது நிமிடங்களில் போய்விடலாம். நோக்கம் பறப்பது அன்று, எல்லோருடைய அமைப்புகளையும் ஒத்துப்போகச் செய்வது.

சரிபார்க்க வேண்டியவற்றில் முதலாவது சர்வர். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் சர்வர் தேர்வைத் தானியங்கியாக விட்டால் ஒருவர் ஐரோப்பாவிலும் மற்றவர் தென்கிழக்கு ஆசியாவிலும் போய் உட்கார்ந்துகொண்டு, ஒரே ஓடுபாதையில் நின்றும் ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் தவிப்பார்கள். எல்லோரும் ஒரே சர்வரைக் கையால் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து, கூடுதலாக வாங்கிய விமான நிலையக் காட்சிகள். ஒருவரிடம் மட்டும் அவை இருந்தால் தரைமட்டம் மாறுபட்டு, மற்றவர் விமானங்கள் தரையில் புதைந்தோ காற்றில் மிதந்தோ தெரியும். பெரிய பாதிப்பில்லை, ஆனால் புதியவர்கள் திகைத்துப்போவார்கள்.

உயரமானி காற்றழுத்தத்தைக் கொண்டே உயரத்தைக் காட்டுவதால், அதன் காற்றழுத்த அளவை எல்லோரும் ஒரே எண்ணுக்கு வைக்க வேண்டும். சகாராவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் வானிலை நிலையங்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இருப்பதால், நேரலை வானிலை தரும் அழுத்தம் ஒருவருக்கும் மற்றவருக்கும் சற்று வேறுபடக்கூடும். முன்னால் பறக்கிறவர் தம் அளவை வாசித்துச் சொல்ல, மற்றவர்கள் அதையே வைத்துக்கொள்வதுதான் வழி. நேரத்தை வேகப்படுத்தும் வசதியை யாரும் தொடக்கூடாது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாவிட்டால் யாராவது தொடுவார்கள்.

உயரமும் வெப்பமும்

புதியவர்கள் தடுமாறும் இடம் எத்தியோப்பியா. கார்த்தூம் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,260 அடி. பஹிர் தார் 6,000 அடியை ஒட்டியது. அடிஸ் அபாபா 7,600 அடிக்கும் மேலே. உயரே போகப் போகக் காற்று மெலிகிறது; வெப்பம் கூடும்போது மேலும் மெலிகிறது. கடல் மட்டத்தில் 15 டிகிரி என்று தொடங்கி, ஒவ்வொரு 1,000 அடிக்கும் இயல்பு வெப்பநிலை 2 டிகிரி குறைய வேண்டும் என்பது கணக்கு. அந்த இயல்பைவிடக் கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடியை நிலையத்தின் உயரத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். அடிஸ் அபாபாவின் உயரத்துக்கு இயல்பு வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியது. அங்கே 22 டிகிரி வெயில் அடித்தால், உங்கள் விமானம் 10,000 அடிக்கு மேலே ஓர் ஓடுபாதை இருப்பதுபோலவே உணரும்.

இதன் விளைவு திரையில் எப்படித் தெரியும் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். வேகமானி 80 நாட் காட்டும்போது விமானம் தரைக்கு மேல் 94 நாட் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். தரை ஓடுகிற வேகத்தைப் பார்த்துப் பயந்து, "வேகம் அதிகம்" என்று எண்ணி விசையைக் குறைப்பார்கள். விமானம் ஓடுபாதைக்கு முன்பே பொத்தென்று விழும். வேகமானி காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டும், வழக்கமான எண்ணிலேயே இறங்க வேண்டும். தரையிறங்கிய பின் ஓடும் தூரம் மட்டும் வழக்கத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீளும். பிஸ்டன் விமானத்தில் வருகிறவர்கள் புறப்படுவதற்கு முன்பே எரிபொருள் கலவையைக் குறைத்துச் சரிசெய்யாவிட்டால் என்ஜின் திணறும்.

பஹிர் தாரிலிருந்து அடிஸ் அபாபாவுக்கு நேர்கோடு போட்டால் அது 4,000 மீட்டரைத் தாண்டும் சோக்கே மலைகளின் மேலேயே போகும். 15,500 அடியில் அதைத் தாண்டலாம். ஆனால் கீழே நீல நைல் வெட்டிய பெரும் பள்ளத்தாக்கு இருக்கும்போது மலைக்கு மேலே மேகத்துக்குள் போவானேன்? மலையைக் கிழக்கே சுற்றி, பள்ளத்தாக்கின் வளைவைப் பின்தொடரும் வகையில் நான்கைந்து வழிப்புள்ளிகள் வைத்தால் 40 கடல் மைல்வரை கூடலாம், அவ்வளவுதான். அடிஸை வடக்கிலிருந்து நெருங்கும்போது நகருக்கு மேலே 3,200 மீட்டர் உயரத்தில் எண்டோட்டோ குன்றுகள் நிற்பதை மறந்து முன்னதாகவே இறங்கத் தொடங்குவது அங்கே நடக்கும் வழக்கமான விபத்து.

அடுத்த கட்டத்தில் நிலைமை தலைகீழ். மலைநாட்டிலிருந்து துர்கானா ஏரியின் வறண்ட பள்ளத்துக்கு இறங்குகிறோம். எத்தியோப்பிய மலைநாட்டுக்கும் கிழக்கு ஆப்பிரிக்க மலைநாட்டுக்கும் இடையே உள்ள அந்த வாய்க்கால் வழியாகத் தென்கிழக்குக் காற்று ஆண்டு முழுவதும் பலமாக வீசுகிறது. நமக்கு அது பெரும்பாலும் இடப்பக்கத்திலிருந்து வரும் குறுக்குக்காற்று, ஓரளவு எதிர்க்காற்றும்கூட. பாதுகாப்புக்காக 25 நாட் எதிர்க்காற்று என்று வைத்துக் கணக்கிட்டால் 400 கடல் மைல் கட்டம் மூன்று மணி நேரமாக நீளும். எரிபொருளை இந்தக் கணக்கில் நிரப்பி, அதற்கு மேல் முக்கால் மணி நேரத்துக்கு மிச்சம் வைக்க வேண்டும்.

கிளிமஞ்சாரோ கட்டம் முக்கால் மணி நேரம்தான் என்றாலும் எல்லோரும் காத்திருப்பது இதற்காகத்தான். சிகரம் 5,895 மீட்டர், அதாவது 19,341 அடி. கேரவன் அதற்கு மேலே போக வல்லது என்றாலும், அதன் உள்ளறையில் காற்றழுத்தத்தைக் காக்கும் வசதி இல்லை. உண்மையில் அந்த உயரத்தில் ஆக்சிஜன் முகமூடி இல்லாமல் பறப்பது ஆபத்து. 13,500 அடியில் மலையைச் சுற்றி வருவதே அழகாகவும் இருக்கும். எல்லோரும் ஒரே திசையில், மலையை இடப்புறம் வைத்து, ஒருவருக்கொருவர் இரண்டு கடல் மைல் இடைவெளியில் சுற்ற வேண்டும். காலைப் பொழுதில் சிகரம் தெளிவாக இருக்கும், பகல் ஏற ஏற மேகம் மூடிக்கொள்ளும்.

தரையிறங்கும் வரிசை

பெரிய நகரங்களைத் தவிர, இந்தப் பாதையில் உள்ள பல நிலையங்களில் ஓடுபாதைக்கு இணையான தனி வழி முழு நீளத்துக்கும் கிடையாது. இறங்கிய விமானம் ஓடுபாதையிலேயே திரும்பி, வந்த வழியே மெல்ல ஊர்ந்துதான் நிறுத்துமிடத்துக்குப் போக வேண்டும். இரண்டு கடல் மைல் இடைவெளியில் வரும் அடுத்த விமானம் ஒன்றரை நிமிடத்தில் தலைக்கு மேல் வந்துவிடும். ஆகவே அத்தகைய இடங்களில் நான்கு நிமிட இடைவெளி வேண்டும். காத்திருப்பவர்கள் நிலையத்துக்கு முன்னால் ஒரு வழிப்புள்ளியில் 500 அடி உயர வித்தியாசத்தில் அடுக்கடுக்காக வட்டமிட்டு, கீழே இருப்பவர் போனதும் ஒவ்வொரு படியாக இறங்கலாம். புதியவரை முதலில் இறக்கிவிடுங்கள்.

லிவிங்ஸ்டனில் இன்னொரு பொறி இருக்கிறது. விக்டோரியா அருவியின் சாம்பியப் பக்கத்தில் லிவிங்ஸ்டன் நிலையமும், சுமார் 30 கிலோமீட்டர் தெற்கே ஜிம்பாப்வேயில் விக்டோரியா ஃபால்ஸ் நிலையமும் இருக்கின்றன. 1,700 மீட்டர் அகல அருவியைச் சுற்றிப் பார்த்த பின் திசை குழம்பி மற்ற நிலையத்தில் இறங்கியவர்கள் என் குழுவில் இரண்டு பேர். அதில் ஒருவர் நான். அருவியைப் பார்த்து முடித்ததும் ஜிபிஎஸ்ஸில் சேருமிடத்தை மறுபடி தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இணைப்பு அறுந்தால், ஆள் வராவிட்டால்

ஒவ்வொரு மாலையும் ஒருவராவது துண்டிக்கப்படுவார். விதி எளிமையாக இருக்கட்டும்: குழு நிற்காது, வேகத்தை மட்டும் குறைக்கும், துண்டிக்கப்பட்டவர் கடைசியில் பறப்பவரின் பக்கத்தில் வானிலேயே மறுபடி தொடங்கிக்கொள்ளலாம், பதினைந்து நிமிடங்களில் திரும்ப முடியாவிட்டால் அந்தக் கட்டத்தை அவர் பிறகு தனியாகப் பறந்து முடிப்பார். இதை யாரும் குறையாகப் பேசக் கூடாது.

வர முடியாதவர்களுக்கும் இதே வழிதான். விடுபட்ட கட்டத்தை அடுத்த கூட்டத்துக்கு முன் தமக்கு வசதியான நேரத்தில் பறந்து, சேர்ந்த இடத்தில் எடுத்த ஒரு திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்) குழு அட்டவணையில் ஒட்டிவிட்டால் போதும். அட்டவணையில் ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் அவர் விமானம் இப்போது எந்த ஊரில் நிற்கிறது என்று ஒரு கட்டம் வைத்திருங்கள். "என் விமானம் இன்னும் எம்பெயாவில் நிற்கிறது" என்ற எண்ணம் ஒருவரைத் திரும்ப வரவழைப்பதுபோல் எந்த நினைவூட்டலும் வரவழைப்பதில்லை.

கடைசி இரண்டு கட்டங்கள்

அப்பிங்டனில் எல்லோரும் ஒருமுறை ஓடுபாதையின் முழு நீளத்தையும் விமானத்தில் மெல்ல ஊர்ந்து பார்க்க வேண்டும். முழு எரிபொருளோடு போயிங் 747 விமானங்கள் ஐரோப்பாவுக்கு நேரே புறப்பட வசதியாக 4,900 மீட்டர் நீளத்துக்குக் கட்டப்பட்டது அது. கேரவன் அதில் எறும்புபோல் தெரியும். எட்டு விமானங்களும் ஒரே வரிசையில் நின்று புறப்படவும் அங்கே தாராளமாக இடம் உண்டு.

காந்தத் திசை பற்றிய எச்சரிக்கையும் இங்கே தேவை. எகிப்தில் காந்த முள் உண்மை வடக்கிலிருந்து நான்கைந்து டிகிரி கிழக்கே சாய்ந்திருந்தது. கேப் டவுனில் அது ஏறக்குறைய 25 டிகிரி மேற்கே சாய்ந்திருக்கும். வரைபடத்தில் அளந்த கோணத்தை அப்படியே திசைகாட்டியில் வைத்துப் பறக்கிறவர் கடலுக்கு மேலேயோ காரூ வறள்நிலத்தின் நடுவிலேயோ போய் நிற்பார்.

கேப் டவுனில் 1,085 மீட்டர் உயர மேசைமலை மேல் வெள்ளைத்துணி விரித்ததுபோல் மேகம் படிந்திருந்தால், தென்கிழக்குக் காற்று பலமாக இருக்கிறது என்று பொருள்; மலையின் காற்று மறையும் பக்கத்துக்குப் போகாமல் வடக்கிலிருந்து நேராக ஓடுபாதைக்கு வாருங்கள். காற்று அமைதியாக இருந்தால், இறங்குவதற்கு முன் மலையை ஒருமுறை சுற்றி வரலாம். அன்று வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: பயணம் முழுவதும் கடைசியில் பறந்தவரை முதலில் இறக்கிவிட்டு, முன்னால் பறந்தவர் கடைசியாக இறங்கட்டும். என்ஜின்களை நிறுத்தியபின் அட்டவணையை உடனே மூடிவிடாமல் இன்னும் மூன்று வாரங்கள் திறந்து வையுங்கள். யாராவது ஒருவரின் விமானம் அப்போதும் மௌனிலோ விண்ட்ஹூக்கிலோ நின்றுகொண்டிருக்கும்.